தாய்ப்பாலும் புட்டிப்பாலும்: ஒரு நடுவழியின் வரலாறு

மனித குலத்தின் வரலாறு பெரும்பாலும் முடிமன்னரின் வரலாறாகவும் போர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. கோட்டைகள் வீழ்ந்த நாளையும் கொற்றம் மாறிய ஆண்டையும் ஏடுகள் தவறாது குறித்து வைத்திருக்கின்றன. ஆனால், பிறந்த குழந்தை தன் முதற் சில மாதங்களில் எதை உண்டு வளர்ந்தது என்ற வினாவுக்கு அவ்வேடுகளில் விடை காண்பது அரிது. போர்க்களங்களில் மடிந்தோரைப் போலவே, தகாத உணவால் தொட்டிலில் மடிந்த குழந்தைகளும் எண்ணற்றோர். அவர்களுடைய வரலாறு பாற்கலயத்தின் வரலாறும் ஆகும்.

தாய்ப்பால் போதாதபோது வேறு பால் கொடுக்கலாமா, கொடுப்பதாயின் எவ்வளவு, எவ்வாறு, எத்துணைக் காலம் என்பவை இன்று பிள்ளை பெற்ற இல்லம் ஒவ்வொன்றிலும் எழும் வினாக்கள். இவை இந்நூற்றாண்டில் முளைத்தவை என்று கருதுவோர் பலர். உண்மையில் இவ்வினாக்கள் மனிதனின் முதல் வீட்டைப் போலவே பழைமையானவை. ஜேர்மனியின் பவேரியாப் பகுதியில், வெண்கலக் காலத்தையும் இரும்புக் காலத்தையும் சேர்ந்த குழந்தைகளின் கல்லறைகளில், மூக்குடைய சிறு மண்கலங்கள் கிடைத்தன. அவற்றுள் மூன்றை ஆராய்ந்த அறிஞர்கள், அசைபோடும் விலங்குகளின் பாற்கொழுப்பு அவற்றில் ஒட்டியிருந்ததை 2019ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆட்டுப்பாலோ பசுப்பாலோ குழந்தையின் வாய்க்கு எட்டும் வகையில் கலம் வனைந்த கைகள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தன.

எனினும், பண்டைய உலகம் தாய்ப்பாலுக்கு மாற்றாக முதலில் நாடியது விலங்கின் பாலை அன்று. மற்றொரு பெண்ணின் பாலையே நாடியது. பாபிலோனிய வேந்தன் ஹம்முராபியின் சட்டத் தொகுதி பாலூட்டுஞ் செவிலியின் கடமையையும், அதில் தவறியவளுக்குரிய கொடுந் தண்டனையையும் வகுத்துரைக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த எபேசு நகரத்துச் சொரானஸ் என்னும் மருத்துவர், நற்செவிலியின் வயது, உடல்நிலை, ஒழுக்கம் ஆகியவற்றை விரித்துரைத்தார். அவளது பாலின் ஒரு துளியை நகத்தின்மேல் இட்டு அதன் தடிப்பைச் சோதிக்கும் முறையையும் கூறினார். அவரே, குழந்தை பிறந்ததும் சுரக்கும் சீம்பால் செரிப்பதற்கு அரியது என்று நம்பி, அதனைத் தவிர்க்குமாறும் அறிவுரை கூறினார். பேரறிஞர் ஒருவரின் பிழை பதினாறு நூற்றாண்டுகள் நிலைத்து நிற்க வல்லது என்பதற்கு இஃது ஒரு சான்று.

தமிழ் மரபும் இவ்வழியை அறிந்திருந்தது. பாராட்டுந் தாய், ஊட்டுந் தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய் எனத் தாயர் ஐவகையினராக வகுத்துக் கூறப்படுகின்றனர். பெற்றவள் ஒருத்தி, பாலூட்டுபவள் மற்றொருத்தி என்ற நிலை செல்வர் இல்லங்களில் இயல்பாயிருந்தமை இதனாற் புலப்படும். சீர்காழிக் குளக்கரையில் அழுத சம்பந்தக் குழந்தைக்கு உமையம்மையார் தம் திருமுலைப்பாலைப் பொற்கிண்ணத்தில் கறந்து ஊட்டினார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. பாலைக் கலத்தில் ஏந்தி ஊட்டுதல் தமிழர்க்குப் புதுமையன்று என்பதற்கு அப்புராணக் கிண்ணமே போதும். சங்கும் பாலாடையும் தமிழ் இல்லங்களில் நெடுங்காலம் வழங்கி வந்தன. வாய்குவிந்த அச்சிறு கலத்தால் குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் முறையை, இந்திய வைத்தியசாலைகள் இக்காலத்திலும் கைக்கொள்கின்றன. கழுவுதற்கு எளிதாதலின் அது போத்தலினும் மேலானது என்பது வைத்தியர் கருத்து.

ஐரோப்பாவில் செவிலி முறை பெருந் தொழிலாகவே வளர்ந்தது. 1780ஆம் ஆண்டில் பாரிசு நகரின் காவற்றலைவர் லெனுவார் தந்த கணக்கின்படி, ஆண்டுதோறும் அந்நகரில் பிறந்த ஏறத்தாழ 21,000 குழந்தைகளுள் ஓராயிரம் குழந்தைகளே பெற்ற தாயிடம் பாலருந்தினர். இன்னும் ஓராயிரம் பேர் இல்லத்திலே தங்கிய செவிலியரிடம் அருந்தினர். எஞ்சியோர் அனைவரும் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். பிறர் பிள்ளைக்குப் பாலை விற்ற ஏழைத்தாயின் சொந்தப் பிள்ளை எதை உண்டது என்று அக்கணக்கில் இல்லை. இம்முறையை ஒழுங்குபடுத்தப் பிரெஞ்சு அரசு 1874இல் தனிச் சட்டம் ஒன்றை இயற்ற நேர்ந்தது.

இலண்டனில், தோமஸ் கோறம் என்பாரின் முயற்சியால் 1739ஆம் ஆண்டிற் பட்டயம் பெற்ற அநாதைக் குழந்தைகள் இல்லம், தன் குழந்தைகளை நாட்டுப்புறச் செவிலியரிடம் ஒப்புவித்து வளர்த்தது. அவ்வில்லத்தின் ஆளுநர் ஒருவருக்கு எழுதிய கடிதமாக, 1748இல் வில்லியம் கடோகன் என்னும் மருத்துவர் குழந்தை வளர்ப்புப் பற்றிய சிறு நூலொன்றை வெளியிட்டார். தாய் தானே பாலூட்ட வேண்டும். முதற்சுரக்கும் சீம்பாலே குழந்தையின் வயிற்றைத் தூய்மை செய்யும் இயற்கை மருந்து என்று அவர் வாதிட்டார். சொரானஸின் பிழைக்கு மறுப்பு அங்ஙனம் எழுந்தது.

செவிலிக்குக் கூலி கொடுக்க இயலாதோர் யாது செய்தனர்? உரொட்டியையோ மாவையோ நீரிலும் பாலிலும் வேகவைத்த கூழைக் குழந்தைக்கு ஊட்டினர். செரிக்கும் ஆற்றல் இன்னும் அமையாத வயிற்றில் அக்கூழ் நோயாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகள் பெருகித் தாய்மார் வேலைக்குச் சென்றபோது, கண்ணாடிப் போத்தலும் இறப்பர்ச் சூப்பியும் வந்து சேர்ந்தன. இறப்பர்ச் சூப்பிக்கு ஐக்கிய அமெரிக்காவில் 1845இல் உரிமம் வழங்கப்பட்டது. போத்தலிலிருந்து நீண்ட இறப்பர்க் குழாயின் வழியே குழந்தை தானே உறிஞ்சும் ஒருவகைப் போத்தல் இங்கிலாந்திலும் பிரான்சிலும் பெரிதும் பரவியது. குழாயின் உட்புறத்தைக் கழுவ வழியில்லை. தேங்கிய பாலிற் கிருமிகள் பெருகின. கொலைப் போத்தல் என்று மக்களாலேயே பெயரிடப்பட்ட அதனைப் பிரான்சு 1910இல் சட்டத்தால் தடை செய்தது.

இவ்விடத்தில் வரலாறு ஒரு விந்தையைக் காட்டுகிறது. 1870, 1871ஆம் ஆண்டுகளில் பிரசியப் படைகள் பாரிசு நகரை முற்றுகையிட்டன. உணவின்றி நகரம் வாடியது; பெரியோரின் இறப்புப் பெருகியது; ஆயினும் குழந்தைகளின் இறப்புக் குறைந்தது. செவிலியிடம் குழந்தையை அனுப்பவும் இயலாது, பசுப்பால் வாங்கவும் இயலாது முடங்கிய தாய்மார், தம் குழந்தைகளுக்குத் தாமே பாலூட்டியதே அதற்குக் காரணம் என்று பின்வந்த மருத்துவர்கள் எடுத்துக் காட்டினர்.

இதற்கிடையில் இரசாயனவியல் இத்துறையிற் புகுந்தது. 1838இல் யொஹான் பிரான்ஸ் சீமோன் என்னும் ஜேர்மானியர் மனிதப்பாலையும் பசுப்பாலையும் பகுத்தாராய்ந்தார். பசுப்பாலிற் புரதம் மிகுதி, பாற்சீனி குறைவு என்பது தெளிவாயிற்று. நீர் சேர்த்துச் சீனியும் கலந்தால் பசுப்பால் தாய்ப்பாலாகிவிடும் என்று பலர் எண்ணினர். புகழ்பெற்ற இரசாயன அறிஞர் யுஸ்டஸ் வொன் லீபிக், கோதுமை மா, முளைத்த வாற்கோதுமை மா, பொற்றாசியம் இருகாபனேற்று, பசுப்பால் ஆகியவற்றைக் கலந்து குழந்தையுணவு ஒன்றை 1865இல் வகுத்தார். பாரிசில் டெபோல் என்னும் மகப்பேற்று மருத்துவர் 1867இல் அதனைப் பச்சிளங் குழந்தைகள் நால்வர்க்குக் கொடுத்துப் பார்த்தார். நால்வரும் சில நாட்களுள் இறந்தனர். அதே 1867ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே பாலும் சீனியும் சுட்ட கோதுமை மாவும் சேர்ந்த உணவை விற்பனைக்குக் கொணர்ந்தார். எவ்வுணவும் ஏலாத குறைமாதக் குழந்தையொன்று அவ்வுணவால் உயிர் பிழைத்தது என்னும் செய்தி அதன் புகழைப் பரப்பிற்று. முதல் மாதங்களில் தாய்ப்பாலே இயற்கையான உணவு என்று நெஸ்லேயே தம் வெளியீட்டில் எழுதியிருந்தார் என்பது இங்கு மனத்திற் கொள்ளத் தக்கது.

இரசாயனவியல் அறிந்திராத ஒன்றைக் கிருமியியல் கற்பித்தது. லூயி பாஸ்டரின் ஆராய்ச்சிகளுக்குப் பின்னர், பாலைக் கெடுப்பது கண்ணுக்குப் புலப்படாத உயிர்களே என்பது நிலைநாட்டப்பட்டது. 1886இல் பிரான்ஸ் வொன் சொக்ஸ்லெட், ஒவ்வொரு வேளைக்கும் உரிய பாலைத் தனித்தனிப் போத்தல்களில் நிரப்பிக் கொதிநீரில் வைத்துத் தூய்மை செய்யும் கருவியை வீடுகளுக்கென அமைத்தார். பசுப்பாலின் ஆபத்து முற்றும் நீங்காவிடினும் பெரிதும் தணிந்தது. இந்நிலையிலேதான் இரு பாலையும் இணைத்து ஊட்டும் நடுவழி, முதன்முறையாக மருத்துவ நெறியாக உருப்பெற்றது.

அந்நெறியை வகுத்தவர் பியேர் புடின் என்னும் பிரெஞ்சு மருத்துவர். வைத்தியசாலையில் நலமே பிறந்து வீடு சென்ற குழந்தைகள் சில மாதங்களில் வயிற்றோட்டத்தால் மடிவதைக் கண்டு அவர் வருந்தினார். பாரிசு சாரிற்றே வைத்தியசாலையில் 1892இல் குழந்தைகளுக்கென ஆலோசனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். தாய்மார் வாரந்தோறும் குழந்தையைக் கொணர்ந்தனர். குழந்தை நிறுக்கப்பட்டது, எடை ஏட்டிற் பதியப்பட்டது. எடை ஏறினால் தாய்ப்பால் ஒன்றே போதும் என்று தாய் ஊக்குவிக்கப்பட்டாள். எடை ஏறாவிடின், அவளது பால் நிறுத்தப்படவில்லை. குறைந்த அளவு எவ்வளவோ அவ்வளவிற்கு மட்டும் கிருமி நீக்கிய பால் சிறு போத்தல்களிற் கொடுக்கப்பட்டது. தாயின் சுரப்புப் பெருகியதும் போத்தல் குறைக்கப்பட்டது.

புடின் வகுத்த நடுவழிக்கு மூன்று தூண்கள் இருந்தன. தாய்ப்பாலே முதலுணவு என்பது ஒன்று. தேவை இருக்கிறதா என்பதை அச்சமோ அயலார் சொல்லோ தீர்மானிக்கலாகாது, தராசே தீர்மானிக்க வேண்டும் என்பது மற்றொன்று. சேர்க்கும் பால் தூயதாக இருத்தல் வேண்டும் என்பது மூன்றாவது. பிற்கால வரலாறு முழுவதும் இம்மூன்று தூண்களும் நின்றதும் சரிந்ததுமான வரலாறே எனலாம்.

1894இல் பெக்கோன் என்னும் கடற்கரைச் சிறுநகரில் லெயோன் டுபூர் என்னும் மருத்துவர் பாற்றுளி நிலையம் என்ற பெயரில் இத்தகைய நிலையமொன்றைத் தொடங்கினார். இதைவிடச் சிறந்தது இல்லாதபோது என்னும் பொருளுடைய தொடரையே அதன் குறிக்கோள் மொழியாக அவர் அமைத்தார். தாம் வழங்கும் பால் இரண்டாந் தரமானது என்பதைத் தம் வாயிலிலேயே எழுதி வைத்த நேர்மை போற்றத்தக்கது. நியூயோர்க்கில் நேதன் ஸ்ட்ராஸ் 1893இலும், இங்கிலாந்தின் சென்ற் ஹெலன்ஸ் நகரசபை 1899இலும் பால் நிலையங்களைத் திறந்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் அந்நேர்மை மங்கத் தொடங்கியது. நியூசிலாந்தில் 1904இல் தோன்றிய பால்மா வணிகம் பின்னர் கிளாக்சோ என்ற பெயரால் கொழுகொழு குழந்தைகளின் படங்களோடு உலகெங்கும் விளம்பரமாயிற்று. ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1915இல் மருத்துவர் கேர்ஸ்டன்பேகர் தாய்ப்பாலின் கொழுப்பை ஒத்த கலவையொன்றை ஆக்கினார். அக்காலத்தில் நியூசிலாந்தின் றூபி கிங், நான்கு மணிக்கு ஒருமுறையே பாலூட்ட வேண்டும், இரவில் ஊட்டலாகாது என்று கடிகார விதியை வகுத்தார். அவர் தாய்ப்பாலின் உறுதியான ஆதரவாளர். ஆயினும் அவருடைய விதியே பல தாய்மாரின் பாலை வற்றச் செய்தது.

ஏனெனில், தாயின் மார்பு நிறைகுடம் அன்று, ஊற்று. இறைக்க இறைக்கச் சுரப்பதும், இறைக்காவிடில் தூர்ந்துபோவதும் அதன் இயல்பு. குழந்தை உறிஞ்சும்போது தாயின் உடலில் சுரக்கும் ஓமோன்களே மேலும் பாலை உண்டாக்குகின்றன. அச்சத்தால் ஒருவேளை போத்தல் கொடுத்தால், அவ்வேளை மார்பு வெறுமையாக்கப்படுவதில்லை. மறுநாள் சுரப்புக் குறைகிறது. குறைவைக் கண்ட தாய் இரண்டாம் போத்தலை நாடுகிறாள். குறையை நிரப்ப வந்த பால் குறைக்கே காரணமாகிவிடுகிறது. ஆதலின், இரண்டும் ஊட்ட நேரும்போது முதலில் மார்பை இரு புறமும் கொடுத்து, அதன் பின்னரே மிகுதியை ஊட்டுதல் சுரப்பைக் காக்கும் வழியாகும். ஒரு வேளை முழுவதற்கும் போத்தலே என்ற முறை தவிர்க்க இயலாததாயின், அவ்வேளையில் தாய் பாலைக் கையாற் பீச்சி எடுத்தல் வேண்டும். இவ்வறிவு பரவாத காலத்தில் போத்தல் தாய்ப்பாலை விரைவில் வென்றது. 1970களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரே தாய்ப்பால் அருந்தத் தொடங்கினர்.

செல்வ நாடுகளில் இம்மாற்றம் தந்த தீங்கு சிறிது. வறிய நாடுகளிலோ அது உயிரைக் கொண்டது. 1939ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவப் பெண்மணி சிசிலி வில்லியம்ஸ், ரின்பால் என வழங்கும் இனிப்புப்பால் தாய்ப்பாலுக்கு ஈடென்று விற்கப்படுவதையும் அதனாற் குழந்தைகள் மடிவதையும் கண்டார். பாலும் கொலையும் என்று பொருள்படும் தலைப்பில், வணிகப் பெருமக்கள் கூடிய ரோட்டரிக் கழகத்திலேயே அவர் ஆற்றிய உரை அஞ்சாமைக்கு ஓர் எடுத்துக்காட்டு. எனினும் உலகம் செவிசாய்க்க முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1974இல் பிரித்தானியத் தொண்டு நிறுவனமொன்று வெளியிட்ட சிறுநூல், தூய நீரும் விறகும் இல்லாத குடிசைகளில் விலையுயர்ந்த பால்மா அளவுக்கு மீறி நீர்கலந்து ஊட்டப்படுவதை எடுத்துரைத்தது. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கம் எழுந்தது. 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களின் விற்பனை ஒழுக்கக் கோவையை 118 வாக்குகளால் ஏற்றது. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஐக்கிய அமெரிக்கா.

கலப்பூட்டல் பற்றிய அறிவு மேலும் கூர்மையடைந்தது ஆபிரிக்காவிலே. எச்.ஐ.வி. கிருமி தாய்ப்பால் வழியாகவும் பரவும் என்பது 1985இல் அறியப்பட்டதும், போத்தற் பாலே பாதுகாப்பு என்று பலரும் முடிவு கட்டினர். தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் அன்னா குட்சூடிஸ், ஹூசன் கூவாடியா முதலியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு எதிர்பாராத முடிவைத் தந்தது. தாய்ப்பால் மட்டுமே அருந்திய குழந்தைகளைவிட, தாய்ப்பாலோடு வேறு உணவும் உண்ட குழந்தைகளுக்கே நோய் மிகுதியாகத் தொற்றியிருந்தது. பிற உணவால் குடலின் மெல்லிய உட்சுவர் ஊறுபடுவது காரணமாகலாம் என்று அறிஞர் கருதினர். பின்னர் நல்ல மருந்துகள் கிடைத்தமையால், மருந்துண்ணும் தாயர்க்கு அக்கண்டிப்புத் தளர்த்தப்பட்டது. தூய்மையின் தூண் சரிந்தால் என்ன நேரும் என்பதைப் பொட்சுவானா நாடு 2006இல் உணர்ந்தது. பெருவெள்ளத்தால் நீர் மாசுற்றபோது, போத்தற் பாலை நம்பியிருந்த குழந்தைகள் பலர் வயிற்றோட்டத்தால் மடிந்தனர்.

எனவே எக்காலத்தும் எவர்க்கும் கலப்பூட்டல் தீதே என்று முடிவு செய்தல் பொருந்துமா? பொருந்தாது. உண்மையிலேயே பால் போதாத தாயர் உளர், குறைமாதத்திற் பிறந்த குழந்தைகள் உள, இரட்டையர் உளர், பிரசவத்தின்பின் நோயுற்ற தாயர் உளர். அமெரிக்காவில் 2013இல் வெளியான ஓராய்வு, பிறந்தபின் எடை மிகக் குறைந்த 40 குழந்தைகளைக் கொண்டு நிகழ்த்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் மார்பில் ஊட்டிய பின்னர், 10 மில்லிலீற்றர் பால்மாக் கரைசல் மட்டும், தாய்க்குப் பால் நிறையும் வரை, சில குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. மூன்று மாதங்களின் பின் அவர்களுள் தாய்ப்பாலைத் தொடர்ந்தோரே மிகுதியாயிருந்தனர். 164 குழந்தைகளைக் கொண்டு 2019இல் வெளியான பெரிய ஆய்விலோ, முதல் மாதத்தில் வேறுபாடு காணப்படவில்லை. ஓராண்டு நிறைவில் தாய்ப்பாலைத் தொடர்ந்தோர் அவர்களுட் குறைந்திருந்தனர். அளவறிந்து சிறிது காலம் சேர்ப்பதும் முற்றிலும் விளைவற்றதன்று என்பதே இவற்றால் அறியப்படுவது. ஆதலின் தேவையறிந்து சேர்த்தல் வேண்டும். தேவை தீர்ந்ததும் குறைத்தல் வேண்டும். பால்மா கிருமியற்ற பொருளன்று என்பதால், 70 பாகை செல்சியசுக்குக் குறையாத சூடுடைய நீரிற் கரைத்து, ஆறவைத்து ஊட்டுமாறு உலக சுகாதார தாபனம் 2007இல் நெறியுரைத்தது. அது புடின் நாட்டிய மூன்றாம் தூணின் மறுபிறப்பே.

இலங்கையின் வரலாறு இவ்வகையிற் பெருமைக்குரியது. 1926இல் களுத்துறையிற் சுகாதார அலகு தொடங்கிய நாளிலிருந்து, ஊர்தோறும் வீடுதோறும் செல்லும் மருத்துவிச்சியே தாய்க்கும் சேய்க்கும் அரணாக விளங்கி வருகிறாள். புடினின் தராசு இந்நாட்டிற் குடும்ப நல உத்தியோகத்தரின் கையிற் வீடுகளுக்கே வந்தது. விற்பனை ஒழுக்கக் கோவையை 1980களின் தொடக்கத்திலேயே தனக்கெனத் தழுவிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர். 2020இல், தாய்ப்பாலூட்டலுக்குத் துணைநிற்கும் கொள்கைகளை ஒப்புநோக்கிய உலகளாவிய மதிப்பீட்டில் 97 நாடுகளுள் இலங்கை முதலிடம் பெற்றது.

ஆயினும் எண்களின் நிழலில் நிற்போர் உளர். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது மருத்துவ நெறி. அரசாங்க உத்தியோகம் பார்க்கும் தாய்க்கு முழுச் சம்பளத்துடன் கிடைக்கும் பிரசவ விடுமுறையோ 84 வேலைநாட்கள். மலையகத்தில் கொழுந்துக் கூடையைச் சுமக்கும் தாய், தன் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு மலையேறுகிறாள். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் வேலை நேரத்திலே பாலூட்ட இரு இடைவேளைகளை அவளுக்கு உரிமையாக்கியுள்ளன. ஆனால், மலையின் உச்சிக்கும் காம்பராவுக்கும் இடையே உள்ள தூரத்தைச் சட்டத்தால் குறைக்க முடியாது. அத்தகைய தாய் ஒரு வேளை போத்தலை நாடினால் அதனை அவளுடைய குற்றமென்று கூறுதல் அறமாகாது. அவளுக்கு வேண்டுவது பழிச்சொல் அன்று. நேரமும் இடமும், பாலைப் பீச்சிப் பாதுகாக்கும் வழியும், அளவும் தூய்மையும் அறிவிக்கும் அன்பான ஒரு குரலுமே.

செவிலியின் காலத்தில் ஏழைத்தாயின் பிள்ளை தன் பங்கை இழந்தது. ஆலையின் காலத்தில் தொழிலாளியின் பிள்ளை இழந்தது. விளம்பரத்தின் காலத்தில் அறியாத் தாயின் பிள்ளை இழந்தது. பால் மாறிய போதெல்லாம் இழப்பு மட்டும் ஒரே வாசலுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. தாய்ப்பாலையும் புட்டிப்பாலையும் பகைவராக நிறுத்தி வழக்காடுவதிலும், தாய்க்கு உற்றதுணை யாது என்று வினவுவதே இவ்வரலாற்றைக் கற்றோர்க்கு உரிய கடமை. தாயைப் பேணும் சமுதாயத்தில் நடுவழி எப்பொழுதாவது தேவைப்படும் சிறு பாலமாக அமையும். பேணாத சமுதாயத்தில் அதுவே திரும்பி வரவியலாத பெருவழியாகிவிடும்.